ஐந்தாம் நிலை விஸார்டின் ஸ்லாட் கணக்கு

நீங்கள் கேட்டது இது: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டத்தில் ஐந்தாம் நிலை விஸார்ட், அதாவது மந்திரவாதி, ஆடுகிறீர்கள். நாளின் இரண்டாவது சண்டை முடிவதற்குள் ஸ்லாட் (மந்திரம் ஓதச் செலவாகும் இடம்) எல்லாம் காலியாகி, மிச்ச நேரமெல்லாம் ஸ்லாட் வேண்டாத ஃபயர் போல்ட்டே கதி என்று ஆகிவிடுகிறது. அடுத்த தடவை கையை இறுக்கிப் பிடித்தால், லாங் ரெஸ்ட் (எல்லா ஸ்லாட்டும் திரும்பும் நீண்ட ஓய்வு) எடுக்கும்போது பாதி ஸ்லாட் தொடாமல் கிடக்கிறது. எப்போது செலவழிப்பது, எப்போது சும்மா இருப்பது? கூடவே, எதிரியின் மந்திரத்தை ரத்தாக்கும் கவுன்டர்ஸ்பெல்லுக்காக ஒரு மூன்றாம் நிலை ஸ்லாட்டை எப்போதும் ஒதுக்கி வைக்க வேண்டுமா?

பெரிய ஸ்லாட்டை முதல் சுற்றில் செலவழியுங்கள். முதல் சுற்றில் செலவழிக்க மனம் வராத சண்டை என்றால் அதில் செலவழிக்கவே வேண்டாம். இரண்டு தடவையும் உங்களைக் கவிழ்த்தது ஒரே பழக்கமாகத்தான் இருக்கும். ஃபயர் போல்ட் மாதிரி ஸ்லாட் வேண்டாத கேன்ட்ரிப்போடு ஆரம்பித்து, நிலைமை முற்றியதும் பதறிப்போய் பெரியதை எடுப்பது. அதற்குள் அந்த மந்திரத்தின் பாதி மதிப்பு போய்விட்டிருக்கும்.

இதைக் கணக்காகவே காட்டலாம். 2014 விதிகளை அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன், 2024 பதிப்பில் மாறியதை அங்கங்கே சொல்கிறேன்.

நான்கு ஓகர்கள் (பெரிய அரக்கர்கள்) எதிரே நிற்கின்றன. 2014 மான்ஸ்டர் மேனுவலில் ஓகருக்கு ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) 59, ஏசி (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) 11, ஓர் அடிக்குச் சராசரி 13 சேதம். நான்கு பேர் கொண்ட ஐந்தாம் நிலைக் குழுவுக்கு இது 'ஹார்ட்' வகைச் சண்டை. உங்கள் கூட்டாளிகள் மூவரும் சேர்ந்து சுற்றுக்கு 35 சேதம் தருகிறார்கள் என்றும், உங்கள் ஃபயர் போல்ட் சராசரியாக 8 தருகிறது என்றும், எல்லோரும் ஓகர்களுக்கு முன்னால் ஆடுகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஓகராகக் குறிவைத்து வீழ்த்துகிறீர்கள்.

ஸ்லாட்டே தொடாமல் ஆடினால், கடைசி ஓகர் விழுவதற்குள் ஓகர்களுக்கு மொத்தம் 12 முறை அடிக்க வாய்ப்பு கிடைக்கிறது. முதல் சுற்றிலேயே கூட்டத்தையே சுடும் ஃபயர்பால் போட்டால் (உங்கள் டிசி, அதாவது தப்பிக்க எதிரி எட்ட வேண்டிய எண், 15; ஓகரின் டெக்ஸ் சேவ், அதாவது விலகித் தப்பிக்க உருட்டும் பகடையில் கூட்டுவது, மைனஸ் 1; ஆக ஓகருக்குச் சராசரி 24.5 சேதம்) அந்த 12 என்பது 6 ஆகக் குறைகிறது. இரண்டாம் சுற்றில் போட்டால் 7. மூன்றாம் சுற்றில் 9. நான்காம் சுற்றில் 10. அதாவது அதே ஃபயர்பால், அதே ஸ்லாட், அதே பகடை. முதல் சுற்றில் அது எதிரியின் ஆறு அடிகளை விலக்கியது, நான்காம் சுற்றில் இரண்டைத்தான் விலக்கியது.

எதிரிக்குக் கிடைக்கவிருந்த முறைகளில் எத்தனையை இந்த ஸ்லாட் பறித்தது என்பதுதான் பார்க்க வேண்டிய அளவு. மேசையில் எட்டுப் பகடையை உருட்டி எண்ணிக்கை சொல்லும்போது வரும் சந்தோஷம் தனி, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 58 ஹிட் பாயின்ட் இழந்த ஓகரும் முழுப் பலத்தோடுதான் அடிக்கும்.

இப்போது உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். ஐந்தாம் நிலையில் முதல் நிலை ஸ்லாட் 4, இரண்டாம் நிலை 3, மூன்றாம் நிலை 2. மொத்தம் ஒன்பது. ஷார்ட் ரெஸ்ட்டில் (ஒரு மணி நேர ஓய்வு) நாளுக்கு ஒரு முறை ஆர்கேன் ரெகவரி என்ற விஸார்டின் திறன் மூலம் மூன்று நிலை மதிப்புள்ள ஸ்லாட்டுகள் திரும்பும். ஒரு மூன்றாம் நிலையாகவோ, ஓர் இரண்டும் ஓர் ஒன்றுமாகவோ, மூன்று முதல் நிலையாகவோ எடுத்துக்கொள்ளலாம். ஆக உங்களுக்கு நாளுக்கு மூன்று பெரிய மந்திரங்கள் இருப்பதாகவே நினைத்து ஆடுங்கள், இரண்டு என்று அல்ல. ஆனால் ஷார்ட் ரெஸ்ட்டுக்கு முன்னால் குறைந்தது ஒன்றாவது செலவாகியிருந்தால்தான் அந்த மூன்றாவது உண்டு. காலையிலிருந்து பொத்திப் பொத்தி வைத்துவிட்டு ரெஸ்ட் எடுப்பவருக்குத் திரும்ப எடுக்க எதுவும் இருக்காது. அந்த வாய்ப்பு அப்படியே வீண்.

நாளுக்கு எத்தனை சண்டை? ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டருக்கான (டிஎம்) 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு சொல்வது, நடுத்தரமோ கடினமோ ஆன சண்டைகள் ஆறிலிருந்து எட்டு, நடுவே இரண்டு ஷார்ட் ரெஸ்ட். பல மேசைகளில் இப்படி நடப்பதில்லை. அதே புத்தகத்தின் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) அட்டவணையை வைத்துப் பார்த்தால், நான் சொன்ன நான்கு ஓகர் சண்டை மாதிரி நான்கு வந்தாலே நாள் நிறைந்துவிடும். சண்டை ஒன்று மூன்று நான்கு சுற்று ஓடும். எட்டுச் சண்டை நாள் என்றால் உங்கள் முறை இருபத்தைந்து தடவைக்கு மேல் வரும், நான்கு சண்டை நாள் என்றால் பதினைந்து தடவை. எப்படிப் பார்த்தாலும் ஒரு கணிசமான பங்கு கேன்ட்ரிப்தான். 'மிச்ச நேரம் ஃபயர் போல்ட்டே கதி' என்று நீங்கள் அலுத்துக்கொண்டது உண்மையில் இந்த வகுப்பின் வடிவமைப்பு. சண்டைக்கு ஒரு பெரிய மந்திரம், பிறகு கேன்ட்ரிப், நடுவே தேவைப்பட்டால் அடியைத் தடுக்கும் ஷீல்ட். இந்தத் தாளம் பழகிவிட்டால் அலுப்பு போய்விடும்.

அதனால் உங்கள் டிஎம்மிடம் நேராகவே கேளுங்கள்: வழக்கமாக ஒரு லாங் ரெஸ்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை சண்டை வைக்கிறீர்கள்? இது ரகசியம் கறக்கும் கேள்வி அல்ல. உங்கள் பாத்திரம் வாழும் உலகம் எவ்வளவு ஆபத்தானது என்பது அந்தப் பாத்திரத்துக்குத் தெரிந்திருக்கும். பதில் இரண்டு சண்டை என்று வந்தால், நான் இனிமேல் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுச் சுற்றுக்கு ஒரு ஸ்லாட் வீதம் வீசுங்கள். சிக்கனம் பற்றிய அறிவுரையெல்லாம் நீண்ட நாள்களுக்குத்தான்.

பழைய ஆட்டக்காரர் யாராவது 'எல்லா மந்திரத்திலும் ஒவ்வொன்று வைத்துக்கொள்' என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், பின்பற்ற வேண்டாம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் வெளியிட்ட முதல் பதிப்பிலிருந்தே, எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து எடுத்த முறைதான் இருந்தது. காலையில் மனப்பாடம் செய்த மந்திரத்தை ஓதியதும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். எந்த இடத்தில் எந்த மந்திரம் என்று காலையிலேயே முடிவாகிவிடும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. தயார் செய்து வைத்த எந்த மந்திரத்தையும் பொருந்துகிற எந்த ஸ்லாட்டிலும் ஓதலாம். ஆகவே இப்போது உங்கள் சிக்கல் எதைச் சுமப்பது என்பதல்ல, எப்போது ஓதுவது என்பது.

மறுபடியும் ஓகர்களிடம் வருவோம். அங்கே ஃபயர்பாலுக்கு மாற்று ஹிப்னாடிக் பேட்டர்ன், அதுவும் மூன்றாம் நிலைதான். ஓகரின் விஸ்டம் சேவ் மைனஸ் 2, உங்கள் டிசி 15க்கு எதிராக 80 சதவீதம் தோற்கும். நான்கில் மூன்று மயங்கி நிற்கும். அடி வாங்குகிற ஓகர் மட்டும் விழித்துக்கொள்ளும், மற்றவை நிமிட நேரம் அப்படியே நிற்கும். விழித்திருக்கும் ஒன்றை முடித்து, பிறகு அடுத்ததை எழுப்பி முடித்து என்று போனால், ஓகர்கள் மொத்தம் நான்கைந்து முறைதான் அடிக்கும். ஃபயர்பாலைவிடக் கொஞ்சம் நல்லது, ஆனால் சண்டை நீளும், உங்கள் கான்சன்ட்ரேஷன் (மந்திரம் கலையாமல் வைக்கும் கவனம்) உடையாமல் இருக்க வேண்டும். கூட்டாளிகள் உள்ளே பாய்வதற்கு முன்னால் போடவும் வேண்டும், ஏனென்றால் அது நண்பன் எதிரி பார்க்காது. இனிஷியேட்டிவில் (முறை வரிசையில்) ஃபைட்டர் (போர்வீரர்) உங்களுக்கு முன்னால் வந்தால், முதல் சுற்றில் அவரை ஈட்டி எறியச் சொல்லிவிட்டு உங்கள் முறைக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு பேச்சு பல ஸ்லாட்டுக்குச் சமம்.

ஆனால் அந்த இடத்தில் நான் எடுப்பது இரண்டுமல்ல, வெப். இரண்டாம் நிலை ஸ்லாட்தான். சிலந்தி வலைக்குள் முறையைத் தொடங்கும் ஓகர் டெக்ஸ் சேவில் 75 சதவீதம் தோற்றுச் சிக்கும். பிய்த்துக்கொண்டு வர ஒரு முழு ஆக்‌ஷன் செலவாகும், அதுவும் பாதிக்குப் பாதிதான் பலிக்கும். பிய்த்துக்கொண்ட பிறகும் வலை எளிதில் நடக்க விடாது. அந்த ஆக்‌ஷனைச் செலவழிப்பதே நமக்கு வேண்டியது. வெளியே வந்த ஓகரும் ஒரு முறையை நமக்குத் தந்துவிட்டுத்தான் வந்திருக்கிறது. மூன்றாம் நிலை ஸ்லாட் மிச்சம். சுவரோ மரமோ பிடிமானம் இல்லாத வெட்டவெளியில் வெப் இவ்வளவு நன்றாக வேலை செய்யாது, தீ பட்டால் எரிந்தும் போகும். குகை, தாழ்வாரம், சந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெப்.

எதிரே நிற்பது எட்டுக் காப்ளின்கள் (சிறு அரக்கர்கள்) என்றால் கதை வேறு. ஒன்றுக்கு 7 ஹிட் பாயின்ட். ஃபயர்பாலில் சேவ் வென்றாலும் பாதிச் சேதம் 14, எல்லாம் காலி. அங்கே சேதமே முறைகளைப் பறிக்கிறது. கேள்வி என்னவென்றால், எட்டுக் காப்ளின்கள் ஐந்தாம் நிலைக் குழுவிடமிருந்து ஒரு மூன்றாம் நிலை ஸ்லாட்டைப் பெறத் தகுதியானவையா? பெரும்பாலும் இல்லை. ஃபைட்டரும் ரோகும் (மறைந்து தாக்குபவர்) அதற்காகத்தான் இருக்கிறார்கள். சண்டை தொடங்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டியது, நான் ஒன்றும் செய்யாவிட்டால் நம் ஆட்களில் யாராவது விழுவார்களா என்பது. விழமாட்டார்கள் என்றால் ஃபயர் போல்ட். விழக்கூடும் என்றால் முதல் சுற்றிலேயே பெரியது. சந்தேகம் என்றால் இரண்டாம் நிலை.

கான்சன்ட்ரேஷனையும் ஒரு ஸ்லாட்டாகவே எண்ணுங்கள், அதுவும் ஒன்றே ஒன்றுதான். வெப் நிற்கும்போது ஹிப்னாடிக் பேட்டர்ன் போட்டால் வெப் கலைந்துவிடும். ஒரே சண்டையில் இரண்டு கட்டுப்பாட்டு மந்திரம் ஓதுவது பல சமயம் ஒரு ஸ்லாட்டைக் கிழித்துப் போடுவதுதான். அடி வாங்கினால் கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவ், டிசி 10 அல்லது சேதத்தில் பாதி, எது அதிகமோ அது. கான்ஸ்டிடியூஷன் 14 உள்ள விஸார்ட் ஓர் ஓகர் அடியைத் தாங்கி நிற்க 65 சதவீத வாய்ப்பு. ஒரே சுற்றில் இரண்டு அடி என்றால் 42 சதவீதம். ஆகவே போட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். கான்சன்ட்ரேஷனைக் காக்கும் வார் காஸ்டர் ஃபீட் (கூடுதல் திறன்) எல்லாரும் சொல்வதுதான், நல்லதுதான், ஆனால் தூண் இலவசம்.

ஒருவரை வேகமாக்கும் ஹேஸ்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஃபைட்டர் ஆடும் நண்பர் கண்டிப்பாகக் கேட்பார். மூன்றாம் நிலை ஸ்லாட்டுக்கு அவருக்குச் சுற்றுக்கு ஓர் அடி கூடுதல், கொஞ்சம் ஏசி. உங்கள் கான்சன்ட்ரேஷன் உடைந்தால் அவர் ஒரு முழு முறையை இழந்து நிற்பார். எதிரியின் முறையைப் பறிக்க வேண்டிய ஸ்லாட்டு நம்மவர் முறையைப் பறிக்கக் கூடும் என்ற இந்தப் பேரம் எனக்குப் பிடிப்பதில்லை. பெரிய ஒற்றை எதிரி, சேவ் எல்லாம் உயர்ந்தது, வேறு எதுவும் ஒட்டாது என்ற நிலையில் மட்டும் சரி.

முதல் நிலை ஸ்லாட் நான்கையும் தாக்குதலுக்குச் செலவழிக்காதீர்கள். ஒன்று காலையிலேயே ஏசியைக் கூட்டும் மேஜ் ஆர்மருக்குப் போகட்டும், எட்டு மணி நேரம் நிற்கும். மிச்சம் மூன்றும் ஷீல்டுக்கு. அடி பட்டது என்று டிஎம் சொன்ன பிறகு, அடுத்தவர் முறையிலேயே செய்யும் ரியாக்‌ஷனாக ஏசியை 5 கூட்டுவது, அடுத்த உங்கள் முறை வரை நிற்பது. ஏசி 15 உள்ள உங்களை ஓகர் அடிக்க 60 சதவீத வாய்ப்பு, ஷீல்டோடு 35. இதில் இரட்டை லாபம் இருக்கிறது, கான்சன்ட்ரேஷனுக்குப் பகடை உருட்டவே வேண்டியதில்லை. டிஎம் பகடை எண்ணைச் சொல்லிவிட்டு 'படுகிறதா?' என்று கேட்பவராக இருந்தால் ஷீல்ட் ஒருபோதும் வீணாகாது, 27 என்று சொன்னால் பேசாமல் வாங்கிக்கொள்வீர்கள். மேஜிக் மிஸைலுக்கு இந்த ஸ்லாட்டை எடுப்பதென்றால் ஒரு காரணம் இருக்கட்டும்: எதிரி மந்திரவாதியின் கான்சன்ட்ரேஷனை உடைக்க, அல்லது இரண்டு மூன்று ஹிட் பாயின்ட்டில் தப்பித்து ஓடுபவனை முடிக்க.

ஸ்லாட்டே வேண்டாதவை நிறைய இருக்கின்றன, அவற்றை மறந்துவிடுகிறோம். விஸார்டுக்கு ரிச்சுவல் (சடங்காக ஓதும்) மந்திரங்களைத் தயார் செய்யக்கூட வேண்டாம், புத்தகத்தில் இருந்தாலே போதும், பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். டிடெக்ட் மேஜிக்குக்கு ஸ்லாட் கொடுப்பவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல். ஃபைண்ட் ஃபெமிலியரும் ரிச்சுவல்தான். ஓர் ஆந்தையை வரவழைத்துவிட்டால், அது சுற்றுக்கு ஒரு முறை எதிரியின் தலைக்கு மேல் பறந்து ஹெல்ப் செய்து ரோகுக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) வாங்கித் தரும், அவருடைய கூடுதல் சேதமான ஸ்நீக் அட்டாக்கும் கூடவே வந்துவிடும். டைனி ஹட்டும் ரிச்சுவல், இரவு முழுக்கப் பத்திரமாகத் தூங்கலாம்.

கால அளவும் செல்வம்தான். இதைக் குழுவாகப் பேசி வைக்க வேண்டும். உங்கள் கிளெரிக்கின் (குணப்படுத்தும் பூசாரி) ஸ்பிரிட் கார்டியன்ஸ் மந்திரம் பத்து நிமிடம் நிற்கும். சண்டை முடிந்ததும் எல்லோரும் பிணங்களின் பையைத் துழாவிக்கொண்டிருந்தால் அது தீர்ந்துபோகும். அடுத்த அறைக் கதவை உடனே உதைத்தால் ஒரே ஸ்லாட்டில் இரண்டு சண்டை. கொள்ளையை அப்புறம் வந்து அள்ளிக்கொள்ளலாம், பிணம் எங்கேயும் போகாது (பிணத்தை எழுப்பும் நெக்ரோமான்ஸர் இல்லாத டன்ஜன் என்றால்).

கிளெரிக்கைப் பற்றிப் பேசும்போது, குணப்படுத்துவதும் இதே கணக்குதான். 2014இல் க்யூர் வூண்ட்ஸ் முதல் நிலையில் சராசரி எட்டு ஒன்பது, ஓகரின் ஓர் அடி 13. அதற்காக ஒரு முழு ஆக்‌ஷன். விழுந்தவரை எழுப்ப போனஸ் ஆக்‌ஷனில் ஹீலிங் வேர்ட் போட்டால், இழக்கவிருந்த அவருடைய முறை திரும்பக் கிடைக்கிறது. 2024இல் இரண்டுக்கும் பகடை இரட்டிப்பானதால் க்யூர் வூண்ட்ஸ் கொஞ்சம் மரியாதை பெற்றிருக்கிறது.

குழுவில் வார்லாக் (இன்னொரு மந்திர வகுப்பு) இருந்தால் அவர் பக்கம் நில்லுங்கள். அவருக்கு ஐந்தாம் நிலையில் இரண்டே ஸ்லாட், இரண்டும் மூன்றாம் நிலை, ஷார்ட் ரெஸ்ட்டிலேயே திரும்பிவிடும். அவர் கேட்கும் ஒரு மணி நேர ஓய்வுதான் உங்கள் ஆர்கேன் ரெகவரிக்கும் வழி. சோர்சரர் என்றால் ஒன்று மட்டும் சொல்கிறேன்: மூன்றாம் நிலை ஸ்லாட்டைக் கரைத்தால் மூன்று சோர்சரி பாயின்ட், திரும்ப உருவாக்க ஐந்து. இந்த நாணயமாற்றில் ஒவ்வொரு தடவையும் நஷ்டம்.

ஒரு மந்திரத்தை அதன் நிலையைவிட உயர்ந்த ஸ்லாட்டில் ஓதுவது எப்போது? இலக்குகளின் எண்ணிக்கை கூடும் மந்திரங்களில் மட்டும். ஹோல்ட் பெர்ஸனை மூன்றாம் நிலையில் போட்டால் ஒருவருக்குப் பதில் இருவர் உறைவார்கள், இருவரின் முறையும் போகும். ஃபயர்பாலை ஒரு நிலை உயர்த்தினால் ஆறு முகப் பகடை ஒன்று கூடும், சராசரி மூன்றரை. அதற்கு ஒரு நான்காம் நிலை ஸ்லாட் தருவது தகாது.

கடைசியாக எதை மிச்சம் வைப்பது? இரண்டாம் நிலை ஒன்று, தப்பித்துத் தாவ உதவும் மிஸ்டி ஸ்டெப்புக்கு. முதல் நிலை ஒன்று, ஷீல்டுக்கு. இந்த இரண்டும் உயிரோடு வீடு திரும்ப. மூன்றாம் நிலையைப் பொத்தி வைப்பது, இருபத்தெட்டுச் சீட்டாட்டத்தில் துருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு பிடியை விடுவது போல.

கவுன்டர்ஸ்பெல் விஷயத்துக்கு வருகிறேன். 2014 விதியில் எதிரியின் மூன்றாம் நிலை வரையிலான மந்திரம் பகடை இல்லாமலே ரத்தாகும், அவருடைய ஸ்லாட்டும் போகும். உங்கள் ரியாக்‌ஷனுக்கு அவருடைய முழு முறை, நல்ல பேரம். 2024இல் எதிரி கான்ஸ்டிடியூஷன் சேவ் வென்றால் மந்திரம் நடக்கும், தோற்றாலும் ஸ்லாட் அவரிடமே இருக்கும், அடுத்த சுற்றில் மறுபடி ஓதுவார். உங்கள் மேசை 2014 என்றால், எதிரில் மந்திரவாதி கண்ணுக்குத் தெரியும் சண்டையில் மட்டும் ஒரு மூன்றாம் நிலையை அதற்கு ஒதுக்குங்கள். அந்தச் சண்டையில் முதல் சுற்றுக்கு வெப்பே போதும். அறுபது அடி தூரத்துக்குள் நிற்கவும் மறக்க வேண்டாம். ரியாக்‌ஷன் ஒன்றே ஒன்று என்பதால் ஷீல்டும் கவுன்டர்ஸ்பெல்லும் ஒரே சுற்றில் கிடைக்காது. 2024 என்றால் தயார் செய்து வைக்கலாம், அதற்காக ஸ்லாட்டை ஒதுக்க மாட்டேன். எதிரில் ஓகர்களும் ஓநாய்களும் மட்டும் என்றால் இரண்டு பதிப்பிலும் ஒதுக்க வேண்டாம்.